மிச்ச சீசனில் கோட்டை பார்த்தது

டிச. 29, திங்கள்

காலையில் பனி. திருநின்றவூர் பிளாட்பாரத்தில் எதிர்ப் பக்கம்கூடத் தெரியவில்லை. குல்லா எடுக்க மறதி.

எங்கள் வார்ப்படப் பிரிவை மூடியாகிவிட்டது. இருபத்திரண்டு வருடம் வார்ப்பில் குறை பார்க்கக் கும்மிடிப்பூண்டிக்குப் போன கால், வீட்டில் நிற்க மாட்டேன் என்கிறது. மொத்தமாக எடுத்தால் மலிவு என்று போன மாதம்தான் மூன்று மாத சீசன் டிக்கெட். என்னே என் புத்தி! பிப்ரவரி வரை செல்லும், வழியில் எங்கேயும் இறங்கலாம். சரி, இத்தனை வருடம் பார்க்காத பழைய கோட்டை, சர்ச், கல்லறை எல்லாம் பார்த்துவிடுவோம்.

கம்பெனிக் கடிதம் பையிலேயே. ஒன்று, குஜராத் கிளைக்கு மாற்றல். இல்லையேல் கணக்கை முடித்துக்கொண்டு வீடு. ஜன. 5க்குள் பதில்.

இன்று சென்ட்ரலில் இறங்கி, நடந்தே ஜார்ஜ் கோட்டை. உள்ளே பழைய சர்ச். பீரங்கிக் குண்டுக்கும் தாங்குகிற கூரையாம். விரல் முட்டியால் சுவரைத் தட்டிக் கேட்டேன். உள்ளே பொத்தல் இருக்கிற சத்தம் இல்லை. பாஸ். உட்கார்ந்து பார்க்க நினைத்தேன், ஐந்து நிமிடம் தாங்கவில்லை.

இரவு மனைவி செல்வி, சாதம் போட்டபடி: "இன்னாங்க, முடிவு பண்ணீங்களா?"

"யோசிச்சிக்கினு இருக்கேன்."

"கோட்ட கோட்டயா சுத்திக்கினு யோசிங்க. ராஜாவுக்கு வேற இன்னா வேல."

டிச. 31, புதன்

மறுபடி பனி. மீஞ்சூர் தாண்டும்வரை ஜன்னலில் ஒன்றுமில்லை. பொன்னேரியில் இறங்கி பஸ். பழவேற்காடு, டச்சுக்காரர் கல்லறை.

வாசல் தூணில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறான். விலா எலும்பு எண்ணினேன். உள்ளே பெரிய பெரிய பலகைக் கல், எழுத்து அவ்வளவு சுத்தம். ஒன்றில் மட்டும் மூலையிலிருந்து மயிரிழை விரிசல்.

அப்புறம் நடந்ததை எழுத வெட்கம். சட்டைப்பையில் எப்போதும் மஞ்சள் சாக்பீஸ். குறை கண்ட இடத்தைச் சுற்றி வட்டம் போட்டால்தான் அடுத்த வார்ப்புக்கு நகருவோம், அதுதான் இன்ஸ்பெக்‌ஷன். கை தானாகப் போய் வட்டம் போட்டுவிட்டது.

காவல்காரர் ஓடி வந்தார். "இன்னா சார், படிச்சவராட்டம் கீறே, சமாதில கிறுக்கிக்கினு!"

"விரிசல் இருக்குதுங்க..."

"இருந்தா? ரிப்பேர் பண்ணி எங்க அனுப்பப் போறே?"

கைக்குட்டையை நனைத்துத் துடைத்துக் கொடுத்தேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. பஸ்ஸுக்காக நிற்கையில் அழுகை மாதிரி ஏதோ.

ஜன. 2, வெள்ளி

வீட்டில் இருப்புக் கொள்ளாமல் மறுபடி ஜார்ஜ் கோட்டை, மியூசியம் பார்க்க. வெள்ளிக்கிழமை லீவாம். வாசலோடு திரும்பினேன்.

கூட வேலை செய்த பாஸ்கர் போன். அவன் குஜராத்துக்குச் சரி சொல்லிவிட்டான். "நீ இன்னாபா?"

"நமக்கு ஓகேதான்பா. ஊட்ல ஒத்துக்க மாட்டா."

இதையே மேனேஜரிடம் சொன்னேன். மைத்துனனிடம். டீக்கடையில். சொல்லச் சொல்ல வாய்க்குச் சுலபமாக வருகிறது.

மறக்கக் கூடாது: இட்லி அரிசி, செருப்புக்குத் தையல், பல்வலி மாத்திரை.

ஜன. 4, ஞாயிறு

செல்வி தானாகவே புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். "நானும் வரேன். அந்தக் கோட்டைல இன்னாதான் கீதுன்னு பாக்கணும்." அவளுக்கு மட்டும் டிக்கெட் எடுத்தேன்.

பழவேற்காடு டச்சுக் கோட்டை. கோட்டை எங்கே? முள்புதர், அகழித் தண்ணீர், அங்கங்கே செங்கல். "இதுக்கா இம்மாந்தூரம்!" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"பாஸ்கர் சம்சாரம் போன் பண்ணுச்சு. நான் ஒத்துக்கலையாமே? எப்போ என்னைக் கேட்டீங்க?"

"நீ இந்த ஊரை விட்டு வருவியான்னு..."

"கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

"பையன் காலேஜ் ஆஸ்டலுக்குப் போயி ரெண்டு வருஷம் ஆச்சு. நான் ஊட்டுக்கும் மார்க்கெட்டுக்கும் நடந்துக்கினு கீறேன். உங்களுக்கு மாசா மாசம் ரயில் பாஸு. எனக்கு எவன் குடுத்தான்? நான் வரேன், எழுதிக்குடுங்க."

தலை நிமிர முடியவில்லை. பயம் அவளுக்கில்லை, எனக்கு. ஐம்பத்திரண்டு வயதில் பாஷை தெரியாத ஊரில் புது ஆளாக நிற்கப் பயம். அதற்கு அவள் பெயரைப் போட்டு ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

"எனக்குத்தான் பயம்" என்றேன்.

"தெரியும்" என்றாள். பொன்னேரி பஸ்ஸில் ஜன்னலோர சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஜன. 5, திங்கள்

பனி இல்லை. 7.10 வண்டி. எங்கேயும் சுற்றாமல், சென்ட்ரலில் வண்டி மாறி நேராகக் கும்மிடிப்பூண்டி.

ஆபீஸில் ஒரு பெண் மாற்றல் படிவத்தைத் தள்ளினாள். கையெழுத்து கோணல். அவள் அடுத்த கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, "சார், நீங்க மட்டும் போறீங்களா, மேடமும் கூட வராங்களா?"

"மேடம் போறாங்க. நான் கூடப் போறேன்."