அவள் தூங்கும் நேரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

பெரியவள் எழுதுவது. எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் நினைத்தேன். ஆனால் சின்னவளுக்குப் பல்வலி, அம்மாவுக்குத் தலைவலி, அத்தைக்கு என் மேல் கோபம். எனக்கு ஒன்றுமில்லை. நீங்கள் அங்கே துறைமுகத்தில் வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள், கிரேன் ஏணியில் பார்த்து ஏறி இறங்குகிறீர்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நம் வீட்டுப் போன் என் கைக்கு வருவதற்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. முதலில் அம்மா, பிறகு அத்தை, அதற்குப் பிறகு சின்னவள் உங்களுக்கு முத்தம் கொடுக்கிறேன் என்று திரையை நக்கிக்கொண்டிருப்பாள். செவ்வாய்க்கிழமை நீங்கள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். "ஏம்மா, இதை வீட்டிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?" நான் வாயைத் திறப்பதற்குள் சின்னவள் போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். பதில் கொஞ்சம் நீளம். அதனால் எழுதுகிறேன்.

பல் டாக்டரம்மாவின் விரலை அவள் கடித்த கதை உங்களுக்குத் தெரியும். அதை அத்தை தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். நான் அப்படிச் செய்திருந்தால் சிரித்திருக்க மாட்டார்கள். பால் புட்டியை வாயில் வைத்துக்கொண்டே தூங்கித் தூங்கி அவளுக்குக் கடைவாய்ப் பற்கள் எல்லாம் சொத்தை. இரண்டைப் பிடுங்க வேண்டும், மற்றவற்றை அடைக்க வேண்டும். விழித்திருக்கும்போது இவளிடம் நடக்காது, மயக்கம் கொடுத்து ஒரே தடவையில் முடித்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. அதைக் கேட்டதும் அம்மா அழுதாள். அம்மா அழுததால் அத்தையும் அழுதாள். டாக்டரம்மா சொன்னதை முழுதாகக் கேட்டவள் நான் ஒருத்திதான்.

மயக்கத்திற்கென்று தனியாக ஒரு டாக்டர் வருவார். முதலில் இனிப்பாக ஒரு மருந்து குடிக்கக் கொடுப்பார்கள். கண் சொருகியதும் மூக்கின் மேல் ரப்பர் மூடி வைப்பார்கள். விரல் நுனியில் ஒரு கிளிப் சிவப்பாக எரிந்துகொண்டிருக்கும், இதயம் துடிப்பதையும் ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்பதையும் அது காட்டும். பயம் வேண்டாம், ஆனால் வயிறு காலியாக இருக்க வேண்டும், பாலும் சாப்பாட்டுக் கணக்குதான் என்று டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். ஏன் என்று நான் பள்ளி நூலகத்தில் தேடிப் படித்தேன். மயக்கத்தில் நாம் மட்டும் தூங்குவதில்லை, இருமலும் தூங்கிவிடும். வயிற்றில் இருப்பது மேலே வந்தால் தடுக்க ஆள் இல்லாமல் நுரையீரலுக்குள் போய்விடும். படித்துவிட்டு வீட்டில் சொன்னேன். அத்தை காதைப் பொத்திக்கொண்டு, "நல்ல நாளும் அதுவுமா அபசகுனமா பேசாதடி" என்றாள்.

அப்பா, எனக்குப் பல் பிடுங்கியது உங்களுக்கு நினைவிருக்கிறதா? எனக்கு எட்டு வயது. சின்னவள் கைக்குழந்தை. அம்மா மடியில் அவள் இருந்ததால் என்னைப் பிடித்துக்கொள்ள ஒரு நர்ஸ்தான் வந்தாள். அவள் கையில் சோப்பு வாசனை. ஈறில் ஒரு ஊசி, அவ்வளவுதான் மயக்கம். உங்களுக்குப் போன் போட்டோம். கப்பல் காத்திருக்கிறது, கிரேனை விட்டு இறங்க முடியாது, வந்ததும் அப்பா அந்த ஓட்டையைப் பார்க்கிறேன் என்றீர்கள். நீங்கள் வந்தபோது அந்த இடத்தில் புதுப் பல் முளைத்திருந்தது.

இவளுக்கு என்றதும் நீங்கள் ஷிப்ட் மாற்றிக்கொண்டீர்கள். கண் சொருகும் வரை அப்பா முகம் தெரியட்டும் என்று கிரேனை விட்டு இறங்கிப் போனோடு நிற்பதாகச் சொன்னீர்கள். அம்மா அதை என்னிடம் சந்தோஷமாகச் சொன்னாள். எனக்கு மட்டும் ஏன் யாரும் இறங்கவில்லை என்று திங்கட்கிழமை சாயங்காலம் கேட்டேன். கேட்டது தப்பாகிவிட்டது. நாலு வயதுக் குழந்தையோடு போட்டி போடுகிறேன் என்று அம்மா திட்டினாள். அத்தை, "இவ வயித்தெரிச்சலுக்கு அந்தப் பல்லெல்லாம் தானா விழுந்துரும், டாக்டரே வேண்டாம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சின்னவளுக்கு ஒன்றும் புரியவில்லை, அவளும் சிரித்தாள்.

மறுநாள் காலை அவள் முன்னால் யாரும் எதுவும் சாப்பிடக் கூடாது என்று ஏற்பாடு. அம்மா குளியலறைக்குள் பிஸ்கட் எடுத்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன். அத்தை சமையலறையில் நின்றபடியே டீ குடித்தாள். நான் மட்டும் நிஜமாகவே ஒன்றும் சாப்பிடவில்லை. அவளுக்குக் கவுன் மாட்டிவிடுவது என் வேலை. பின்னால் பொத்தான் போடும்போது அவள் திரும்பி என் காதில் ரகசியம் பேசினாள். வாயில் பால் வாசனை. என்ன குடித்தாய் என்று கேட்டேன். உதட்டில் விரலை வைத்து, "அத்தை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க" என்றாள். சமையலறைக்குப் போய்ப் பார்த்தேன். அவளுடைய சின்ன டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது, இன்னும் ஈரமாக.

உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். நான் வீட்டிலேயே சொல்லப் போனேன். அம்மா புடவை மடிப்புக்கு ஊசியை வாயில் கவ்விக்கொண்டு நின்றாள். அம்மா, பாப்பா பால், என்று தொடங்கினேன். அம்மா ஊசியை எடுத்துவிட்டு, இன்றைக்கு ஒரு நாளாவது அவளைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இரு, உனக்குப் புண்ணியமாகப் போகும் என்றாள். வாசலில் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. முந்தின நாள் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அன்று என் பேச்சை நம்பியிருப்பார்கள். வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

மருத்துவமனையில் அவளுக்கு முயல் படம் போட்ட சட்டை கொடுத்தார்கள். எவ்வளவு அழகாக இருந்தாள் தெரியுமா? எனக்கே தூக்கிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. மயக்க டாக்டர் உயரமாக, மெதுவாகப் பேசுகிறவர். அவள் விரலில் சிவப்பு கிளிப்பை மாட்டினார், இங்கே பாரு உன் விரல் விளக்காயிடுச்சு என்றார், அவள் அழவே இல்லை. இனிப்பு மருந்தை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து வைத்துக்கொண்டு, கடைசியாக என்ன சாப்பிட்டாள் என்று அம்மாவிடம் கேட்டார். நேற்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்றுமில்லை என்றாள் அம்மா. அம்மாவுக்கு அதுதான் தெரியும். நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை கையில் போன், போனில் நீங்கள். பதற்றத்தில் அத்தை அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள், உங்களுக்குத் தரைதான் தெரிந்திருக்கும். அத்தை வாயே திறக்கவில்லை. சின்னவள் மருந்துக்கு வாயைத் திறந்தாள்.

"டாக்டர், அவ காலைல பால் குடிச்சா."

நான் அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வெளியே உட்கார்ந்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா முகம் சிவந்துவிட்டது. "இதுலகூட உனக்குப் பொறுக்கலையாடி?" என்றாள். அத்தனை பேர் முன்னால்.

டாக்டர் யாரையும் திட்டவில்லை. சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டு அத்தையைப் பார்த்தார். அத்தை, "பால்தானே டாக்டர், சாப்பாடு ஒண்ணும் குடுக்கலையே. அழுதுச்சு, ஒரு டம்ளர்தான்" என்றாள். நம் வீட்டில் அப்படித்தானே பேசுவோம், அப்பா? முழு டம்ளர் பாலைக் குடித்துவிட்டு ஒன்றுமே சாப்பிடவில்லை என்போம். அத்தை கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பசி தாங்க மாட்டாள் என்றுதான் கொடுத்தாள். ஆனால் டாக்டர் கேட்டபோது சொல்லியிருக்கலாம்.

இன்றைக்கு வேண்டாம், வேறு நாள் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போகும்போது என் தலையில் கை வைத்து, நல்லவேளை சொன்னாய் என்றார். அதை அம்மா கேட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா சின்னவளைப் போட்டு இறுக்கிக்கொண்டிருந்தாள், மூச்சு முட்டி அவள் கத்தும் அளவுக்கு.

வாசலிலேயே அவளுக்கு ரொட்டி வாங்கிக் கொடுத்தார்கள், பாவம் பட்டினி என்று. அன்று முறைப்படி வெறும் வயிற்றோடு இருந்தது நான்தான் அப்பா. மயக்கம் கொடுக்க லாயக்காக நம் குடும்பத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தது, அதற்குப் பல்லில் ஒன்றுமில்லை. ஆட்டோவில் அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை. மானத்தை வாங்கிவிட்டாள் என்று அத்தைதான் உங்களிடம் போனில் சொன்னாள் என்று தெரியும். பொறாமையில் சொன்னேன் என்றும் சொல்லியிருப்பாள். எனக்குப் பொறாமைதான். இல்லை என்று எழுதினால் நீங்களே நம்ப மாட்டீர்கள். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது ஞாபகம் இல்லை. மருந்துக்குச் சின்னவள் வாயைத் திறந்தபோது உள்ளே அந்தக் கறுப்புப் பல் தெரிந்தது. அது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

அம்மா இப்போது பக்கத்து வீடுகளில் நடந்ததைச் சொல்கிறாள். கோபமாக இல்லை, கண் கலங்கித்தான் சொல்கிறாள். எங்கள் கண்ணு தப்பித்தது என்று. கேட்கிறவர்கள் எல்லோரும் அவளைத் தூக்கிக் கொஞ்சுகிறார்கள். கீழ் வீட்டு அம்மா ஒரு பொம்மைகூடக் கொடுத்தார். சொன்னது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நேற்று மட்டும் அம்மா தட்டில் சாதம் போட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு நீ காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். பிறகு இன்னொரு கரண்டி போட்டாள்.

அடுத்த தேதி உங்கள் விடுமுறையில் வருகிறதாம். நீங்களே கூட இருப்பீர்கள் என்று சின்னவள் வீடு முழுக்கக் குதித்துக்கொண்டிருக்கிறாள். இந்த முறை அத்தைக்குப் பதில் நான்தான் காலையில் அவளைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன், அம்மாவே சொல்லிவிட்டாள். சமையலறைக் கதவைச் சாத்திவைப்பேன். நீங்கள் ஒன்றும் கவலைப்பட வேண்டாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கண் சொருகும் வரை அவள் உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். விழித்ததும் உங்களைத்தான் தேடுவாள், அப்போதும் நீங்களே போய்த் தூக்கிக்கொள்ளுங்கள். நடுவில் அவள் தூங்கும்போது நம்மை வெளியே அனுப்பிவிடுவார்கள். அங்கே கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு நீளமான பெஞ்சு இருக்கிறது, நாம் இரண்டு பேர் உட்காரலாம். அந்த நேரத்தில் உங்களுக்கு வேறு வேலை ஒன்றும் இருக்காது. போனையும் அம்மாவிடம் கொடுத்துவிடலாம்.

காத்திருக்கும்போது படிக்க நான் அன்று புத்தகம் எடுத்து வர மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அப்பா.

இப்படிக்கு,
உங்கள் பெரியவள்