விளம்பரம் இல்லாத வீடு

மார்ச் 3, திங்கள்

இன்றைக்கு ஒரு பெரிய முடிவு எடுத்தேன். இந்தத் தெருவிலேயே முதல் ஆளாகக் கேபிளை வெட்டப் போகிறேன். எதிர் வீட்டில் போன வருஷமே வெட்டிவிட்டார்கள் என்பது கணக்கில் வராது. அவர்கள் வெட்டவில்லை, பணம் கட்டாததால் வெட்டுப்பட்டார்கள்.

விஷயம் கிடைத்தது லிஃப்டில். பதினோரு மாடிக் கட்டடம், லிஃப்ட் என் கையில். நான் இல்லாமல் அந்தக் கம்பெனியில் ஒருத்தரும் மேலே போனதில்லை, பெரிய மேனேஜர் உட்பட. ஆறாம் மாடித் தம்பி பக்கத்தில் நின்றவனிடம், "இன்னுமாடா கேபிளுக்குக் காசைக் கொட்டி அழுறே? நெட்டு இருந்தா எல்லாம் வந்துடும்" என்றான். கீழேயிருந்து ஆறாவது போவதற்குள் முழு விவரத்தையும் கறந்துவிட்டேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். என் காது நிற்கவில்லை, அது பட்டமே வாங்கிவிட்டது.

அக்காவிடம் சொன்னேன். "நல்லாத்தானேடா ஓடிட்டிருக்கு, அதை ஏன் நோண்டுறே?" என்றாள். மச்சான் போன பிறகு இந்த வீட்டை நிமிர்த்தியது யார் என்று அவளுக்கு மறந்துவிட்டது. வீடு அவள் பேரில்தான் இருக்கிறது. நிமிர்த்தியது நான்.

மார்ச் 5, புதன்

கேபிள்காரர் வந்து பெட்டியைக் கழற்றினார். முகம் செத்துவிட்டது.

"அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாண்ணே?"

"வீட்டுக்கு ஆம்பளைன்னு நான் ஒருத்தன் இருக்கேன்ல?"

"இருக்கீங்க, இருக்கீங்க. காலையில போனா சாயங்காலம்தான் இருக்கீங்க."

வாய்க்கொழுப்பு. நான் கொடுத்த பதிலில் ஆள் படியில் தடுமாறி இறங்கினார். (பதில் அவர் இறங்கிய பிறகுதான் தோன்றியது. கொடுத்திருந்தால் தடுமாறித்தான் இறங்கியிருப்பார்.) வெட்டிய ஒயரின் நுனி ஜன்னலுக்கு வெளியே தொங்குகிறது. காற்றடித்தால் கண்ணாடியில் தட்டுகிறது. யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று அக்கா இரண்டு தடவை எழுந்து போய்விட்டாள்.

மார்ச் 8, சனி

வந்துவிட்டது! கட்டைவிரல் பருமனில் ஒரு சாமான், டிவிக்குப் பின்னால் செருகினால் தீர்ந்தது. உலகமே வீட்டுக்குள். ஆறாம் மாடித் தம்பி போனில் வழி சொன்னான். அவன் சொல்வதற்கு முன்பே பாதி எனக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு திட்டம் இருக்கிறதாம், விளம்பரத்தோடு ஒன்று, விளம்பரமே இல்லாமல் ஒன்று. விளம்பரத்தோடு என்றால் அடிமாட்டு விலை. எனக்கா? லிஃப்டில் போகிறவனைப் படியேறச் சொல்கிற கதை. விளம்பரம் இல்லாததையே போடு என்றேன். அப்படியும் கேபிளுக்குக் கட்டியதில் பாதிகூட வரவில்லை.

அக்காவுடைய மதியத் தொடர் மொத்தமும் அதில் அடுக்கி வைத்திருக்கிறது. இடுப்பில் கொத்துச்சாவியோடு அலையும் அந்த மாமியார்க்காரியை இனி நேரம் காலம் இல்லாமல் திட்டலாம். ஆனால் அக்கா கேட்டது வேறு.

"விளம்பரமே வராதா?"

"வரவே வராதுக்கா!"

"அப்ப நான் எப்படா எந்திரிக்கிறது?"

சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது. அவள் சிரிக்கவில்லை. அவளுக்குச் சர்க்கரை நோய். மதியம் ஊசி போட்டுக்கொண்டு, அரை மணி பொறுத்துச் சாப்பிட வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. தொடரில் முதல் விளம்பரத்துக்கு ஊசி, கடைசி விளம்பரத்துக்குச் சாப்பாடு என்று அவளாக ஒரு கணக்கு வைத்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் ஒருநாள் பிசகியதில்லை.

"சுவத்துல கடிகாரம் இருக்கேக்கா."

"கடிகாரத்தைப் பார்க்கணும்னு நினைப்பு வரணுமேடா. விளம்பரம் வந்தா நினைக்கவே வேணாம், கால் தானா எந்திரிக்கும்."

திங்கட்கிழமை லிஃப்டில் சொன்னால் பதினோரு மாடியும் சிரிக்கும்.

மார்ச் 12, புதன்

பால் பொங்கி, வற்றி, கருகி, பாத்திரம் அடுப்போடு ஒட்டிக்கொண்டது. ஆள் உயரத்துக்கு நெருப்பு. நான் மட்டும் சமயத்துக்கு வராமல் இருந்தால் தெருவே போயிருக்கும். சரி, நெருப்பு இல்லை. புகை. அணைத்ததும் கீழ் வீட்டுத் தையல்காரம்மா. ஆனால் நான் வந்தபோதும் வாடை இருந்தது.

அக்கா பாத்திரத்தைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். "ஒரு பாகம் முடிஞ்சா அஞ்சு எண்ணுறதுக்குள்ள அடுத்தது வந்து குதிச்சுடுதுடா. அடுப்புன்னு ஒண்ணு இருக்கிறதே மறந்துபோகுது."

பாத்திரம் போனால் போகட்டும்.

மார்ச் 17, திங்கள்

மோட்டாரை நிறுத்த மறந்து, தொட்டி நிரம்பி வழிந்து, தண்ணீர் கீழ் வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே இறங்கிவிட்டது. தைத்து மடித்து வைத்திருந்த துணியெல்லாம் ஈரம். தையல்காரம்மா ஒரு சட்டையைப் பிழிந்தபடியே மேலே வந்தாள்.

"உங்கக்கா மோட்டார் நிறுத்துறதை வெச்சுத்தான் நான் மெஷினை நிறுத்திட்டுச் சாப்பிடவே போவேன். அவங்களுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா. ராணி மாதிரி டிவி பார்க்கிறாங்க."

"ராணிக்கு மோட்டார் போட ஆள் இருக்கும். இவங்களுக்கு?"

இந்தத் தெருவில் எல்லாருக்கும் நாக்கு நீளம்.

கேபிள்காரர் எதிர்க் கம்பத்தில் ஏணி சாத்தி நின்று எங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். வயிற்றெரிச்சல். அந்த ஆளுடைய கண்தான் பட்டிருக்கிறது. இல்லாவிட்டால் ஒன்றன்பின் ஒன்றாக ஏன் வர வேண்டும்? முதலில் நெருப்பு, பிறகு தண்ணீர்.

மார்ச் 20, வியாழன்

அக்கா மகள் போன் பண்ணினாள். அவள் இருப்பது வேறு ஊரில். துணி நனைந்த சேதி அதற்குள் அங்கே போய்விட்டது.

"மாமா, அம்மா ஊசியெல்லாம் நேரத்துக்குப் போடுறாங்களா? எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. லீவு போட்டுட்டு வரட்டுமா?"

"நீ எதுக்கும்மா வீணா அலையுறே? மாமா எதுக்கு இருக்கேன்? பேசுற கடிகாரம் ஒண்ணு வாங்கிச் சுவத்துல மாட்டியாச்சு. நேரம் ஆனா, 'அம்மா ஊசி, அம்மா சாப்பாடு'ன்னு அதுவே கூப்பிடும். உன் குரல் மாதிரியே இருக்கும்."

சிரித்துவிட்டாள். "நீங்க இருக்கீங்கன்னுதான் மாமா நான் நிம்மதியா இருக்கேன்." லீவு போடவில்லை.

கடிகாரம் வாங்க வேண்டும். அப்படி ஒன்று விற்கிறார்கள் என்று நாலாம் மாடியில் பேசிக்கொண்டார்கள். சொல்லியாகிவிட்டது, வாங்குவது எவ்வளவு நேரம்?

மார்ச் 21, வெள்ளி

கடை பூட்டியிருந்தது. (நான் அந்தப் பக்கம் போகவில்லை. போயிருந்தால் பூட்டித்தான் இருந்திருக்கும்.)

மார்ச் 24, திங்கள்

சாயங்காலம் வந்தபோது அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. கையில் சர்க்கரை டப்பா, வாயைச் சுற்றிச் சர்க்கரை. ஸ்பூன் நடுங்கி டப்பாவில் டிங் டிங் என்று இடித்தது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லடா. ஊசி போட்டேன், சாப்பிட மறந்துட்டேன். அந்த மாமியார்க்காரி மருமகளை மாடியிலேருந்து தள்ளப்போறா, அந்த நேரத்துல எவளுக்குடா பசிக்கும்?" டப்பாவை மூடிக்கொண்டே, "பொண்ணுகிட்ட சொல்லித் தொலைக்காதே, பயந்துடுவா."

சொல்லவில்லை. நான் ரகசியம் காப்பதில் மன்னன்.

சிரிப்பு வரவில்லை. அந்த டிங் டிங் இன்னும் காதில் இருக்கிறது. ஜன்னலில் ஒயரும் அதே தாளத்தில் தட்டுகிறது. நாளைக்கு முதல் வேலை கடிகாரம்.

மார்ச் 25, செவ்வாய்

பெரிய மேனேஜரின் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். ஏற்றி இறக்கவே நேரம் சரியாக இருந்தது. கடிகாரம் நாளைக்கு.

மார்ச் 26, புதன்

ஒரு புது வித்தை கண்டுபிடித்தேன். அக்கா எத்தனையாவது பாகம் பார்க்கிறாள் என்று என் போனிலேயே தெரிகிறது! லிஃப்டில் நின்றபடி வீட்டைக் கண்காணிக்கிறேன். ஏறுகிறவர்களிடமெல்லாம் காட்டினேன். "உங்க அக்காவுக்கு நீங்கதான் காவல் தெய்வம்" என்று நாலாம் மாடி அம்மா சொன்னார். ஏறத்தாழ அப்படித்தான் சொன்னார்.

இப்படி ஒரு ஏற்பாடு இருக்கும்போது கடிகாரம் எதற்கு?

மார்ச் 27, வியாழன்

இன்றைக்கு எழுத வேண்டாம்.

மார்ச் 30, ஞாயிறு

ஆஸ்பத்திரி வராந்தா. பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே ஒருத்தரைத்தான் விடுகிறார்கள். அக்கா மகள் இருக்கிறாள்.

வியாழக்கிழமை மதியம் போனில் பார்த்தேன், இருநூற்றுப் பதினாலாம் பாகம். கொஞ்ச நேரம் கழித்துப் பதினைந்து. பிறகு பதினாறு. "இன்னிக்கு அக்கா வெளுத்து வாங்குறாங்க" என்று ஆறாம் மாடித் தம்பியிடம் காட்டிச் சிரித்தேன். அவனும் சிரித்தான். பதினேழு. அதற்கப்புறம் நகரவில்லை. தூங்கியிருப்பாள் என்று நினைத்தேன். போன் பண்ணினேன். அடித்தது, எடுக்கவில்லை. இன்னொரு தடவை அடிக்கப் போனேன், ஒன்பதாம் மாடியில் பெல் அடித்தார்கள். மேலே போனேன். கீழே வந்தேன். மறுபடி மேலே போனேன்.

சாயங்காலம் வந்தபோது வீட்டுக் கதவு உள்ளே தாழ். படிப்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அக்கா நாற்காலியிலேயே இருந்தாள், தலை மட்டும் ஒரு பக்கம். டிவியில் படம் இல்லை. கறுப்புத் திரையில், ரொம்ப நேரம் யாரும் ரிமோட்டைத் தொடாவிட்டால் வருகிற எழுத்து மட்டும். "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?" யாராவது பதில் சொல்வார்கள் என்று அது அப்படியே காத்துக்கொண்டிருந்தது.

நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. கேபிள்காரர் எங்கிருந்தோ ஏணியோடு ஓடி வந்து தெருப்பக்க ஜன்னலில் சாத்தி, கண்ணாடியை உடைத்து உள்ளே இறங்கினார். அக்காவை அவர்தான் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். எதற்கு என்று தெரியவில்லை.

சமையலறை மேடையில் சாப்பாட்டுத் தட்டு, மேலே மூடி. கை வைக்கவே இல்லை. பக்கத்தில் போட்டு முடித்த ஊசி.

பதினைந்து, பதினாறு, பதினேழு. இந்த மூன்று பாகத்தையும் யார் பார்த்தது? ஒன்று முடிந்து இன்னொன்று முடிந்து — அந்த ரூமில் யாரும் பார்க்காமல் — நான் அங்கே சிரித்துக்கொண்டு—

ஏப்ரல் 4, வெள்ளி

கண் திறந்தாள். யாரையும் பார்க்கவில்லை, திறந்தாள். சர்க்கரை இறங்கி ரொம்ப நேரம் அப்படியே இருந்துவிட்டதாம், அதில் மூளைக்கு அடி. எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார் டாக்டர்.

ஏப்ரல் 6, ஞாயிறு

துணிமணி எடுக்க அக்கா மகளோடு வீட்டுக்குப் போனேன். உடைந்த கண்ணாடிக்கு யாரோ அட்டை ஒட்டியிருந்தார்கள். அவள் பை எடுக்காமல் கூடத்தில் நின்று நாலு சுவரையும் பார்த்தாள்.

"அந்தப் பேசுற கடிகாரம் எங்க மாமா?"

"பழுதாயிடுச்சும்மா. சரி பண்ணக் குடுத்திருக்கேன்."

எழுதும்போதும் கை கூசுகிறது. அந்த நேரத்திலும் வாய் அதுபாட்டுக்கு ஓடியது. அவள் மறுபடி சுவர்களைப் பார்த்தாள்.

"ஆணிகூட இல்லையே மாமா."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். நடத்தினால் நடக்கிறாள், ஊட்டினால் சாப்பிடுகிறாள். பேச்சு இல்லை. என்னைப் பார்க்கும்போது, லிஃப்டில் தெரியாத ஆளைப் பார்ப்பது மாதிரி பார்க்கிறாள். எந்த மாடி என்று கேட்கலாம் போல.

லிஃப்ட் வேலையை விட்டுவிட்டேன். என் இடத்துக்கு ஆள் போடவில்லையாம். அவரவரே பட்டனை அமுக்கி மேலே போகிறார்கள். போக முடிகிறதாம்.

ஏப்ரல் 25, வெள்ளி

கேபிள்காரர் வந்தார். நான் கூப்பிடவில்லை. ஒன்றும் கேட்காமல் தொங்கிய ஒயரை உள்ளே இழுத்துப் பெட்டியை மாட்டினார். "எவ்வளவு ஆச்சு?" என்றேன். "அப்புறம் பார்க்கலாம்ணே" என்றார். ஜன்னலில் தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. நின்ற பிறகும் காதை அந்தப் பக்கம் வைத்தபடியே இருந்தேன்.

மே 14, புதன்

அக்கா மகள் நேற்று ஊருக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று, "மாமா, நேரத்துக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. சும்மா தலையாட்டினேன்.

இன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் மட்டும். அக்காவை நாற்காலியில் உட்கார வைத்து மதியத் தொடரைப் போட்டேன். கொத்துச்சாவிக்காரி இன்னும் யாரையோ மிரட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். அக்கா திரைப் பக்கமே திரும்பவில்லை, மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் விளம்பரம் வந்தது. சோப்பு விளம்பரம், அந்தப் பழைய பாட்டு. அக்காவின் இரண்டு காலும் நகர்ந்து செருப்பைத் துழாவின. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் இல்லை. கால் மட்டும் எந்திரிக்கப் பார்த்தது.

தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"நீ உட்காருக்கா. நான் போறேன்."

அவளுக்கு ஊசி போட்டுவிட்டு, தட்டோடு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கடைசி விளம்பரம் இன்னும் வரவில்லை. தட்டு மடியில் இருக்கிறது. மூடியை எடுத்துவிட்டேன்.