மூன்றும் நான்கும் தானியேல் அண்ணன் வேலை

கும்மிடிப்பூண்டி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தானியேல் அண்ணனுக்கு,

பிரேமா எழுதுவது. நானும் பிள்ளைகளும் சுகம். என் வீட்டுக்காரர், அதுதான் உங்கள் நண்பர், சுகமா என்பதை இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். ஓசூரில் உங்கள் தம்பி ஜெரால்ட் வீட்டில் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். அந்த ஊர்க் குளிர் உங்கள் முழங்காலை ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். அவர் நம்பரை பிளாக் செய்தீர்கள், சரி. என் நம்பர் என்ன பாவம் செய்தது? லேத் கடை நம்பரையும் விட்டு வைக்கவில்லை. உங்கள் விலாசத்தை ஏஞ்சல் அண்ணிதான் கொடுத்தார். மீஞ்சூர் மார்க்கெட்டில் இறால் பேரம் பேசிக்கொண்டே, "ஓசூர்ல ஒரு ஒர்க்‌ஷாப்புல இவர வேலைக்குக் கூப்டுறாங்களாம். ஒண்ணாந்தேதி வர்றேன்னு இன்னும் சொல்லல. சொல்லிடுவாரு போலக்கீது" என்றார். எனக்கு அதற்குமேல் இறால் வாங்கவே மனசு வரவில்லை. வாங்கினேன், ஆனால் மனசு வரவில்லை.

ஒன்றாம் தேதிக்குள் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன். இதை எழுதச் சொன்னது உங்கள் நண்பர் இல்லையாம். அதை முதலிலேயே எழுதிவிடச் சொல்லி அவரேதான் சொல்கிறார். எதிரில் உட்கார்ந்து டிவி பார்ப்பதாக நடித்துக்கொண்டிருக்கிறார். ஓடுவது குழந்தைகள் சேனல்.

நீங்கள் போன பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் நடந்ததையும் என் பக்கத்திலிருந்து ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் இருவரும் முட்டிக்கொண்டபோது நடுவில் டீ டம்ளரோடு நின்றவள் நான்தானே.

வேப்பம்பட்டு பல் டாக்டர் அன்புசெல்வன் தன் ஜப்பான் காரின் இன்ஜின் ஹெட்டை, அதாவது இன்ஜினின் மேல்மூடியை, துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தது ஞாபகம் இருக்கும். பெற்ற பிள்ளையை ஆஸ்பத்திரியில் விடுகிற மாதிரி விட்டுப் போனார். டர்போ வைத்த வண்டி, காற்றைப் பிடித்து இன்ஜினுக்குள் தள்ளுகிறது, அந்தக் காற்று நாலு சிலிண்டருக்கும் சமமாகப் போக வேண்டும், இல்லையென்றால் ஒன்றுக்கு விருந்து, ஒன்றுக்குப் பட்டினி, பட்டினி கிடந்தது கோபத்தில் பிஸ்டனையே உருக்கிவிடும் என்று நீங்கள்தான் எனக்கு விளக்கினீர்கள். காற்று போகிற நாலு வழியையும், அதாவது நாலு போர்ட்டையும், பங்கு பிரித்துக் குடைந்தீர்கள். ஒன்றும் இரண்டும் உங்கள் நண்பர். மூன்றும் நான்கும் நீங்கள்.

அதில் எதிலும் தப்பில்லை. தப்பு அந்த உறிஞ்சுபெட்டியில் ஆரம்பித்தது. நீங்கள் அதை ஃப்ளோ பெஞ்ச் என்பீர்கள். என் வேக்குவம் கிளீனரையும், உங்கள் வீட்டு வேக்குவம் கிளீனரையும், பக்கத்து கம்பெனியில் தூக்கிப்போட்ட இன்னொன்றையும் கொன்று, அந்த மோட்டார்களை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து, மேலே ஹெட்டைப் பொருத்திக் காற்றை உறிஞ்சவிட்டு அளந்து பார்க்கிற பெட்டி. காற்று அதிகம் போனால் தண்ணீர் மேலே ஏறி அளவு காட்டும் கண்ணாடிக் குழாயில், அந்தத் தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை என்று என் ரோஸ்மில்க் எசன்ஸையும் ஊற்றினீர்கள். என் வீட்டில் தூசியும் போகவில்லை, ரோஸ்மில்க்கும் இல்லை. நான் ஏதாவது சொன்னேனா? சொன்னேன். அது வேறு விஷயம்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் அவருடைய ஒன்றும் இரண்டும் ஏறின. குழாயில் ரோஸ்மில்க் தண்ணீர் சர்ரென்று மேலே போனது. நல்ல வேலை என்று நீங்களே முதுகில் தட்டினீர்கள். பெட்டியிலிருந்து வந்த காற்றில் லேசாகச் சந்தன வாசனை அடித்தது. அம்மனே வந்து நிற்கிறாள் என்று அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாப்பாட்டுக்கு அப்புறம் உங்களுடைய மூன்றும் நான்கும் ஏறின. தண்ணீர் பாதி வழியிலேயே சோம்பி நின்றுவிட்டது.

அப்போதாவது அந்த வாய் சும்மா இருந்ததா? "இன்னா தானி, தூங்கிக்கினே தேச்சியா?" என்று கேட்டார். டாக்டர் எதிரில் கேட்டார். நீங்கள் கையைத் துடைத்தீர்கள். அதைப் பார்த்தாவது நிறுத்தியிருக்கலாம். "எடு, நானே பெருசு பண்றேன்" என்று போர்ட் குடைகிற கிரைண்டரை நோக்கிக் கை நீட்டினார். நீங்கள், "இருக்கட்டும் நைனா. நல்ல கையா பாத்து வச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு, கடைச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டீர்கள். உங்கள் டிபன் பாக்ஸ் இன்னும் இங்கேதான் இருக்கிறது. கழுவி வைத்திருக்கிறேன்.

இனிமேல்தான் உங்களுக்குத் தெரியாத கதை.

அடுத்த வாரம் அவர் உங்கள் மூன்றாவது போர்ட்டில் கை வைக்க உட்கார்ந்தார். டாக்டரும் வந்திருந்தார். அவர் தினமும் கிளினிக்கை மூடிவிட்டு நேராக இங்கேதான் வருகிறார். கிரைண்டரைப் போடுவதற்கு முன்னால், தன் வேலை எவ்வளவு உசத்தி என்று டாக்டருக்கு இன்னொரு தரம் காட்டிப் பெருமைப்பட உங்கள் நண்பருக்கு ஆசை வந்தது. அந்த ஆசைக்கு நான் வாழ்நாள் முழுக்க நன்றி சொல்வேன். தன் ஒன்றாம் போர்ட்டைப் பெட்டியில் ஏற்றி மோட்டாரைப் போட்டார். தண்ணீர் ஏறவில்லை. உங்களுடையது நின்ற இடத்துக்குக்கூட வரவில்லை, அதற்கும் கீழே நின்றது.

அன்றைக்கு அவர் யார் மேலெல்லாம் பழி போட்டார் என்று கேளுங்கள். முதலில் கரண்ட். வள்ளூர் அனல் மின் நிலையத்தில் மலை மாதிரி கரண்ட் தயாரிக்கிறார்களே, பக்கத்தில் இருக்கிற நமக்கு மட்டும் ஏன் வோல்டேஜ் இல்லை என்று மின்வாரியத்துக்கு போன் போடப் போனார். அப்புறம் மழை ஈரம். அப்புறம் டாக்டர் மேஜையில் சாய்ந்து நின்றதுதான் காரணம் என்று அவரைத் தள்ளி நிற்கச் சொன்னார். பாவம், அவர் தெருவுக்கே போய் நின்றார். கடைசியில் ரோஸ்மில்க் எசன்ஸ் பழசு என்று என்னிடம் வந்தார். நான் பார்த்த பார்வையில் திரும்பிப் போய்விட்டார்.

எல்லோரையும் திட்டி முடித்த பிறகுதான் பெட்டியைத் திறந்தார். மோட்டார் வலைக்குள் காய்ந்த சந்தனம், மீன் செதில் செதிலாக, குங்குமத்தோடு! காற்று அளக்கிற பித்தளைத் தகட்டை எடுத்துப் பார்த்தால், நடுவில் இருக்கிற ஓட்டையின் விளிம்பில் இன்னும் அரைப் பொட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அண்ணா, பூஜைக்குச் சந்தனம் குழைப்பது எப்போதும் நீங்கள்தானே. சர்ச்சுக்குப் போகிற கை குழைத்தால்தான் சந்தனம் கெட்டியாக நிற்கும் என்று அவரே ஊரெல்லாம் சொல்லுவார். இந்த வருஷம் நீங்கள் மச்சினன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டதால் அவரே குழைத்தார். பாயசம் மாதிரி குழைத்தார். லேத், டிரில்லிங் மெஷின், கம்ப்ரசர், கழிவறை மோட்டார் என்று கடையில் ஒன்றையும் விடாமல் பொட்டு வைத்தார். அந்தத் தகட்டைத் துடைப்பதற்காகக் கழற்றி வைத்திருந்தார் அல்லவா, அதையும் சும்மா விட மனசில்லாமல் ஓட்டையைச் சுற்றிப் பட்டையாகச் சந்தனம் சாத்தி, அப்படியே உள்ளே மாட்டியிருக்கிறார்.

சந்தனம் வழிந்து ஓட்டை சிறுத்திருக்கிறது. ஓட்டை சிறுத்தால் தண்ணீர் பொய்யாக மேலே ஏறுமாம். காலையில் அவர் வேலை உசத்தியாகத் தெரிந்தது அதனால்தான். மத்தியானத்துக்குள் சந்தனம் காய்ந்து, காற்று இழுத்த இழுப்பில் பிய்ந்து உள்ளே போய்விட்டது. அம்மன் வந்து நின்றாள் என்று அவர் கும்பிட்ட வாசனையும் அதுதான். உங்கள் போர்ட் இரண்டும் உண்மையான அளவில் அளக்கப்பட்டிருக்கின்றன. பொய் அளவு அவருடையது.

மிச்சமிருந்த அரைப் பொட்டை டாக்டர் தன் பையிலிருந்து பல் சுரண்டும் கம்பியை எடுத்துச் சுரண்டினார். "பல்லுல காரை பிடிச்சிருந்தா இப்படித்தான் சார், வெளியில தெரியாது" என்று ஆறுதல் வேறு சொன்னார். சுத்தம் செய்து நாலையும் மறுபடி அளந்தார்கள். உங்கள் மூன்றும் நான்கும் அச்சு அசலாக ஒரே இடத்தில் நின்றன. அவருடைய ஒன்றும் இரண்டும் கீழே, அதிலும் ஆளுக்கு ஒரு பக்கம்.

அன்றைக்கு அவர் கிரைண்டரைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் கேட்டார். உங்கள் போர்ட்டின் சுவர் ஏற்கெனவே போதுமான அளவுக்கு மெலிந்துவிட்டது, இன்னும் தேய்த்திருந்தால் பின்னால் இருக்கிற தண்ணீர் அறையில் ஓட்டை விழுந்திருக்கும், ஹெட் குப்பைக்குத்தான் என்று இவர் சொன்னார். டாக்டர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இவரும் எண்ணெய் டிரம் மேல் உட்கார்ந்துவிட்டார். நான்தான் இரண்டு பேருக்கும் சோடா உடைத்துக் கொடுத்தேன்.

இதையெல்லாம் எழுதாதே என்கிறார். எழுதிவிட்டேன்.

அன்றிலிருந்து ஆள் சரியில்லை. வேலை செய்துகொண்டே, திரும்பாமல் பக்கவாட்டில் கையை நீட்டுகிறார். அந்தக் கையில் ஸ்பேனரை வைக்க யாரும் இல்லை. கொஞ்ச நேரம் நீட்டினபடியே இருந்துவிட்டு, தானே எழுந்து போய் எடுத்துக்கொள்கிறார். எனக்கு அதைப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. போன் செய்து தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். "அவன் பிளாக் பண்ணிக்கினான், நான் இன்னா பண்றது?" என்று கேட்கிறார். பிளாக் செய்ததில் உள்ளுக்குள் ஒரு நிம்மதி அவருக்கு. நான் அறியாத ஆளா?

உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு, அண்ணா. மறைக்க மாட்டேன். அவர் ஒரு வார்த்தை சொன்னார் என்றால், நீங்கள் நாலு வார்த்தை திட்டிவிட்டு அங்கேயே நின்றிருக்க வேண்டும். இன்னொரு முறை அளந்து பார்ப்போம் என்று நீங்கள் சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். உங்கள் ரோஷத்தால் எங்கள் வீட்டில் வாரம் முழுக்க நான் ஒருத்தியாக அவருடைய பெருமூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

டாக்டர் அவசரப்படுத்தவில்லை. கார் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறார், ஆனாலும் தானியேல் சார் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். வந்தால் உங்கள் கடைவாய்ப் பல்லையும் பார்க்கிறாராம்.

ஓசூர்க்காரர்களுக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்திருந்தால், தங்கை கூப்பிட்டாள் என்று சொல்லித் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். நீங்களும் உங்கள் குடும்பமும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். அந்தக் குறையில்லாத வாழ்க்கை ஓசூரில் வேண்டாம், இங்கேயே இருக்கட்டும்.

உங்கள் பதிலுக்காக இல்லை, உங்களுக்காகவே காத்திருக்கும்
தங்கை,
பிரேமா.

அண்ணா, கடிதத்தை மடிக்கப் போனேன். பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். கீழே இருப்பது அவர் கையெழுத்து.

தானி,
பிரேமா ஜாஸ்தியா எழுதிட்டா. பாதிய நம்பாத. சந்தனம் மேட்டர் மட்டும் நெசம். ஹெட்டு பெஞ்சு மேலயே கீது. உன் மூணையும் நாலையும் நான் தொடல. என் ஒண்ணையும் ரெண்டையும் உன்னுது அளவுக்கு நீயே வந்து தேச்சிக் குடு. நான் பக்கத்துல நின்னு லைட்டு புடிக்கிறேன். வாயத் தொறக்க மாட்டேன். உன் கை எனக்கு வராது. இத உன் மூஞ்சப் பாத்து சொல்ல முடியாது, அதான் எழுதிட்டேன். வந்துடு.
தணிகாசலம்.