மெலிஞ்சான் வரும் ஜன்னல்

பாய்,

இன்று மாலை பக்கத்து வீட்டில் பூண்டு வதக்கினார்கள். மேசையிலிருந்து எழுந்து ஜன்னலை முழுவதுமாகத் திறந்துவிட்டு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்தப் பெண்ணுக்கு இது பழகிவிட்டது. "ரசம்தான் அங்கிள். கொஞ்சம் கொண்டு வரட்டா?" என்று சிரித்தார். வேண்டாம் என்று திரும்பி வந்து பார்த்தால், மேசை விளக்கின் கீழே, பாதி எழுதிய தாளின் மேல் ஒரு மெலிஞ்சான் நின்றிருந்தது.

அது நீங்கள் வைத்த பெயர். அரிசியைவிடச் சற்று நீளம், காய்ந்த வைக்கோல் நிறம், குறுகிய தலையில் பெரிய கண்கள். அலகை மடித்து மார்புக்கு அடியில் வைத்திருக்கும். முன்கால்கள் மட்டும் கொஞ்சம் தடிமன். செடிச்சாறு உறிஞ்சும் அசுவினியைக் கண்டால் அந்தக் கால்களால் அமுக்கிப் பிடித்து, அலகால் குத்தி உறிஞ்சி, வெறும் தோலைக் கீழே போட்டுவிடும். பூச்சிகளைப் படித்த ஒருவரிடம் கேட்டு, டாம்செல் பக் என்ற இதன் ஆங்கிலப் பெயரை உங்களுக்குச் சொன்னேன். "டாம்செல்னா குமரிப்புள்ளைல்ல? கசாப்புக்காரனுக்குக் குமரின்னு பேரு வச்சிருக்கான் பாருங்க ரிப்போர்ட்டர்!" என்று கடை அதிரச் சிரித்தீர்கள்.

அஜ்மானில் உங்கள் செடிக்கடைக்குப் பின்னால் அப்போது கட்டடம் எதுவும் இல்லை. வெறும் மணல், அதில் முழங்கால் உயர ரிம்த் என்ற பாலைவனப் புதர்கள். ஒரு மழை பெய்துவிட்டால் புதர்களுக்கு இடையில் மெல்லிய புல் எழும். அசர் தொழுகை முடிந்ததும் அதற்குள் நுழைந்து, காலில் மணல் ஏற, குனிந்தபடியே நடப்பீர்கள். கீழக்கரையிலிருந்து வந்து இத்தனை வருடம் வியாபாரம் செய்த மனிதருக்கு அங்கே என்ன வேலை என்று முதலில் எனக்குப் புரியவில்லை. கடைச் செடிகளில் அசுவினி விழுந்தபோது அந்தப் புதர்களிலிருந்துதான் மெலிஞ்சான்கள் வந்தன என்பதைப் பிறகு சொன்னீர்கள். மருந்து வாங்கவில்லை. சம்பளமில்லா வேலைக்காரர்கள் என்பீர்கள். அவை ஒன்றையொன்று தின்பதைப் பார்த்த அன்று மட்டும் உங்களுக்கு மனம் சரியில்லை. "இரை இல்லன்னா இதுவும் நம்ம ஆளுக மாதிரிதான்" என்றீர்கள்.

வெயில் தணியும் பருவத்தில் புல்டோசர் வந்தது. அது ஒரு பக்கமிருந்து சுரண்டிக்கொண்டு வர, மறுபக்கமிருந்து நீங்கள் புதர்க்கிளைகளை ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தீர்கள். கடைக்கு மேலே உங்கள் அறையில், ஒரு தொட்டியில் குதிரைமசால் தீவனச்செடி வளர்த்து, அகப்பட்டவற்றை அதில் விட்டீர்கள். அகப்படாதவை கட்டடத்தின் விளக்குகளைத் தேடிப் பறந்து வந்தன. சில, கையில் உட்கார்ந்து கடித்தும் பார்த்தன.

உங்கள் அறைக்குப் பக்கத்து அறையில் ஏழு பேர். நடுவே பலகைத் தடுப்புதான். அவர்களில் முருகேசன் புதிது. அரியலூர்ப் பையன், ஜெபல் அலியில் கிடங்கு வேலை. அவன் வந்த வாரமும் பூச்சிகள் வந்த வாரமும் ஒன்றாகிப் போயின. தொழிலாளர் கேம்ப்பிலிருந்து மூட்டைப்பூச்சி கொண்டுவந்துவிட்டான் என்று அவன் மெத்தையைத் தூக்கி வராந்தாவில் போட்டார்கள். நாலு பேரோடு ஒரே அறையில் படுத்து எழுந்தவர்களுக்கு அந்தச் சொல் என்ன செய்யும் என்று தெரியும். தூக்கம் போகும். விடியற்காலை பஸ் தவறும். பழி விழுந்தவனுக்கு வேறு அறையிலும் இடம் கிடைக்காது.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு நீங்கள் என்னையும் இழுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போனீர்கள். கையில் டீ கிளாஸ், அதற்குள் ஒரு மெலிஞ்சான்.

"இதானடா உங்களக் கடிச்சது?"

"ஆமா பாய். மூட்டை" என்றார் அறையின் மூத்தவர்.

"மூட்டைக்கு ஏதுப்பா ரெக்கை?"

"துபாய் மூட்டை பாய், பிளைட்ல வந்திருக்கும்" என்று மேல் கட்டிலிலிருந்து ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மூத்தவர் சிரிக்கவில்லை. "உங்க ரூம்லயே வளக்குறீங்களாமே? நீங்க வளத்து எங்க மேல விடுறீங்களா?"

நீங்கள் சட்டைக் கையை மடித்து, கிளாஸைக் கவிழ்த்து முழங்கைக்குக் கீழே அழுத்தினீர்கள். அது கடிக்கும்வரை காத்திருந்தீர்கள். பிறகு கிளாஸை எடுத்து, சிவந்த புள்ளியைக் காட்டினீர்கள். "எறும்பு கடிதான். நல்லாக் கேட்டுக்கங்க. மூட்டை வெளிச்சத்தக் கண்டா ஓடும். இது வெளிச்சத்தத் தேடி வரும். வெளிச்சத்துக்கு வர்றது மூட்டை இல்ல. அந்தப் புள்ளையோட மெத்தைய உள்ள எடுத்துப் போடுங்க."

மெத்தை உள்ளே போனது. முருகேசன் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். எல்லாம் முடிந்தது என்றுதான் நாம் படியிறங்கினோம்.

அந்த வெள்ளிக்கிழமை அவர்கள் ஏழு பேரும் கடற்கரைக்குப் போனார்கள். மூத்தவருக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. யாரோ ஒருவனைப் பிடித்திருந்தார், நச்சுக்காற்று கக்கும் மாத்திரை வைத்து அறையை மூடிவிட்டுப் போகிறவன். கதவிடுக்குகளில் டேப் ஒட்டியிருந்தான். பலகைத் தடுப்பின் மேலிடுக்கை அவன் பார்க்கவில்லை. ஜும்ஆ முடிந்ததும் நீங்கள் கடைக்குப் போய்விடுவீர்கள் என்பது கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். அன்று நீங்கள் போகவில்லை.

என்னைத் தொலைபேசியில் அழைத்தீர்கள். "ரிப்போர்ட்டர், ஒண்ணு குதிரைமசால் தண்டுல முட்டை வைக்கிதுங்க. தண்டுக்குள்ள சொருகுது, தலை மட்டும் வெளிய தெரியிது. கண்ண எடுக்க முடியல. கடை கிடக்கட்டும், சாயங்காலம் வாங்க."

வருகிறேன் என்றேன்.

"பக்கத்துல எவனோ பூண்டு ஊறுகா போடுறான் போல. வாசம் தூக்குது. ஏசி குளிரு போயிருமேன்னு ஜன்னலத் தொறக்கல" என்றீர்கள். அந்த வாசம் மாத்திரையினுடையது என்று அப்போது நம் இருவருக்குமே தெரியாது. இப்படிப்பட்ட சாவுகளை நான் செய்தியாக எழுதியிருக்கிறேன் பாய். இடம், வயது, எந்த ஊர்க்காரர், போலீஸ் விசாரணை. எந்தச் செய்தியிலும் வாசம் இருந்ததில்லை.

சாயங்காலம் நான் வந்தபோது தெருவில் ஆம்புலன்ஸ் நின்றது.

மூத்தவர் சிறைக்குப் போய், பிறகு ஊருக்கு அனுப்பப்பட்டார். மாத்திரை வைத்தவன் அகப்படவில்லை. உங்கள் மகன் வந்து அறையைக் காலி செய்தபோது என்ன வேண்டும் என்று கேட்டார். தொட்டியைக் கேட்டேன். மண்ணின் மேல் மெலிஞ்சான்கள் கால்களை மடக்கிக் கிடந்தன. செடி மட்டும் பச்சையாகவே நின்றது. வீட்டுக்குக் கொண்டுவந்து, வேறு என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் ஊற்றினேன். ஒரு காலையில் தண்டின் மேல் எறும்பு போல ஏதோ ஊர்ந்தது. குனிந்து பார்த்தேன். குறுகிய தலை, பெரிய கண்கள். தண்டுக்குள் இருந்தவற்றை அந்தக் காற்று எட்டவில்லை போலும். நீங்கள் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்த முட்டைகள் அவை. வெகுநேரம் அந்தத் தொட்டியைத் தொட எனக்குப் பயமாக இருந்தது.

உங்கள் புதர்க்காடு இருந்த இடத்தில் இன்று கார்கள் நிற்கின்றன. மெலிஞ்சான்கள் எங்கிருந்து வருகின்றன? தொட்டிச் செடியிலிருந்தா, சாலைக்கு அப்பால் மிச்சமிருக்கும் மணலிலிருந்தா?

தாளின் மேல் நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் முருகேசனின் அழைப்பு வந்தது. இப்போது அவன் ஜெபல் அலி கேம்ப்பில் இருக்கிறான். சுவருக்கு வெளியே அங்கும் புதர்கள். பருவம் மாறும்போதெல்லாம் அழைப்பான். அவனுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஆனாலும் ஒருமுறை யாராவது சொல்ல வேண்டும்.

"சார், மறுபடி வந்துருச்சு சார். ரூம்ல எல்லாரும் மூட்டைங்கிறானுங்க. மாத்திரை வைக்க எவனையோ கூட்டியாரேன்னு ஒருத்தன் நிக்கிறான். போட்டோ அனுப்பிருக்கேன், பாத்தீங்களா?"

படத்தில் மங்கலான ஒரு கீற்றுதான் தெரிந்தது. எதுவாகவும் இருக்கலாம். பின்னால் ஆட்களின் குரல்கள், "ஜல்தி கேளுடா" என்று ஒருவன்.

"வெளிச்சத்துக்கு வந்துச்சா?" என்று கேட்டேன். என் வாயில் உங்கள் குரல் ஏறியிருந்தது பாய்.

"டியூப்லைட்டச் சுத்தித்தான் சார் கெடக்குது."

"அப்ப மூட்டை இல்ல. போன ஸ்பீக்கர்ல போடு, எல்லாருக்கும் சொல்றேன்."

சொன்னேன். சட்டைக் கையை மடித்துக் காட்டத்தான் என்னால் முடியவில்லை. "நான் காட்டுறேன் சார்" என்றான். கிளாஸ் எடுக்கும் சத்தம். பிறகு யாரோ சிரித்தார்கள். யாரோ கதவைத் திறந்து வைத்தது கேட்டது.

இந்த ஊரில் ஆகஸ்டிலும் ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்து ஏசி போடுகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மனைவி திட்டி ஓய்ந்துவிட்டாள். சூடும் மணலும் அதன் வழியாக வருகின்றன, பூண்டு வாசமும் வருகிறது. இதை எழுதி முடிக்கும்போது மெலிஞ்சான் தாளின் ஓரத்துக்கு நடந்து, விளக்கைப் பார்த்துத் தலையைத் தூக்கியது. நான் விளக்கை அணைக்கவில்லை.