கேட்கக் கூடாத மாதம்

1934 ஜூலை 1, ஞாயிறு. தென்காசி.

சாரல். வேதக்கோயிலுக்குக் குடையோடு போய் நனைந்தே திரும்பினோம். உபதேசியார் இன்று கோபமாக இருந்தார். “வருசம் பூரா அதத் தாரும், இதத் தாரும்னு கேட்டே ஆண்டவருக்குக் காது புளிச்சிருக்கும். இந்த மாசம் வீட்டு ஜெபத்துல ஒருத்தரும் ஒண்ணும் கேக்கப்படாது. ஸ்தோத்திரம் மட்டுந்தான். ஆளாளுக்கு வாய்விட்டுச் சொல்லணும்.”

எனக்குப் பிடித்திருந்தது. இத்தனை வருட நிருபர் வேலையில் சாக்கடை, கோமாரி, வாய்க்கால் சண்டை தவிர நான் எதை எழுதினேன்? நன்றி சொல்லிப் பழகினால் நல்லது.

ஜூலை 2, திங்கள்.

நான் அனுப்பிய செய்தி பத்திரிகையில் வந்திருந்தது. குற்றாலம் போகும் பஸ்ஸில் இருபது பேர் உட்கார வேண்டிய இடத்தில் முப்பத்தாறு பேர். நானே எண்ணியது. பஸ் என் மைத்துனன் அருமைநாயகத்துடையது. அதையும் எழுதியிருந்தேன், மறைத்தால் தப்பு. சாயங்காலத்துக்குள் போலீஸார் பஸ்ஸை ஸ்டேஷன் வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

என் மனைவி ஞானதீபம் அதைக் கடைசி வரி வரை படித்தாள். பத்திரிகையை மடித்து வைத்தாள். அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை.

ஜூலை 3.

பேச்சில்லை. ஆனால் ஜெபம் உண்டு. முழங்காலில் நின்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: “ஆண்டவரே, சொந்த மச்சினன்னும் பாக்காம எழுதுத புருசனக் குடுத்தீரே, ஸ்தோத்திரம். நல்ல சீசன்ல எந்தம்பிக்கு ஓய்வு குடுத்தீரே, அதுக்கும் ஸ்தோத்திரம்.”

ஜெபத்தில் குறுக்கே பேசும் வழக்கமில்லை. என் முறை வந்ததும், “முப்பத்தாறு பேரையும் உயிரோடு இறக்கிவிட்டீரே, ஸ்தோத்திரம்” என்றேன். ஆமென் சொல்ல அவளுக்குக் கொஞ்சம் நேரமாயிற்று.

ஜூலை 5.

ரசத்தில் உப்பில்லை. கடலில் உப்பை வைத்ததற்காக ஸ்தோத்திரம் சொன்னேன். “அந்த ரசத்தையே மூணு வாட்டி வாங்கிக் குடிக்குத மனுசனத் தந்தீரே” என்றாள்.

ஜூலை 7.

இன்றும் தோற்றேன்.

ஜூலை 8, ஞாயிறு.

பிரசங்கத்தில் உபதேசியார், “ஸ்தோத்திரத்துக்கு மாதிரி வீடு எதுன்னா, நம்ம நிருபர் வீடுதான். பக்கத்து வீட்டு இந்து சகோதரரே சாட்சி சொல்லுதாரு” என்றார். எல்லாத் தலையும் எங்களைத் தேடின. நான் பெண்கள் பக்கம் பார்த்தேன். ஞானதீபம் முக்காட்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். சிரிப்பா, அழுகையா? உறுதிப்படுத்த முடியவில்லை.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுச் சிவசைலம் பிடித்துக்கொண்டான். “அண்ணாச்சி, உபதேசியார்கிட்ட நாந்தான் சொன்னேன். நீங்க ஜெபம் ஆரம்பிச்சா எங்க வீட்ல அத்தன பேரும் சுவரோரமா வந்து ஒக்காந்துருதோம். அந்த உப்பு ஸ்தோத்திரம் இருக்கே, எம்பொண்டாட்டிக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் பொரையேறிட்டு!”

ஜூலை 11.

“பொறந்த வீட்டுக் கதவ ஒருநாளும் அடச்சதில்ல, ஸ்தோத்திரம். சனிக்கிழம தம்பி வண்டி கொண்டாருதான், அதுக்கும் ஸ்தோத்திரம்.”

இப்படித்தான் எனக்குத் தெரியவந்தது — சுரண்டைக்கு, தாய்வீட்டுக்குப் போகிறாள். எத்தனை நாளைக்கு? திரும்பி வருவாளா? கட்டிலடியில் கிடந்த டிரங்குப் பெட்டி கூடத்துக்கு வந்துவிட்டது.

ஜூலை 12.

அருவியில் வெள்ளம் என்று எழுதுவதற்காகக் குற்றாலம் போனேன். திரும்பும் வழியெல்லாம் அந்த பஸ் செய்தியை மனதுக்குள் வரிவரியாகப் படித்துப் பார்த்தேன். ஒரு வார்த்தை பொய்யில்லை. பிறகு ஏன்?

ஜூலை 13, வெள்ளி.

அவள் முதலில் சொன்னாள். “எந்தம்பி செஞ்சது தப்புத்தான் ஆண்டவரே. நானே எத்தனையோ மட்டம் சொன்னேன், கேக்கல. இப்ப நிறுத்தினீரே, ஸ்தோத்திரம்.” குரல் மாறிற்று. “ஆனா பத்திரிகைக்குத் தெரிஞ்சு, போலீசுக்குத் தெரிஞ்சு, ஊருக்கெல்லாம் தெரிஞ்சப்பதான் எனக்கும் தெரியப்படுத்தினீரே. அதுக்கும் ஸ்தோத்திரம்.”

இதுதானா? இவ்வளவு நாளும் இதுதானா?

தயாராக வைத்திருந்த குத்தலை விட்டுவிட்டேன். கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னேன். போன ஐப்பசியில் நான் காய்ச்சலில் கிடந்தபோது, நான் முனகியதைச் செய்தியாக எழுதித் தபாலில் சேர்த்தது இவள் கை, ஸ்தோத்திரம். நன்றி என்று ஒரு வார்த்தை வராத வீட்டில் இத்தனை வருடம் இருந்தாளே, ஸ்தோத்திரம். பிறகு என்னவோ ஆகிவிட்டது. “ஆண்டவரே, இவ நாளைக்குப் போவப்படாது. போவாமச் செய்யும்!”

கண்ணைத் திறந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணும் கேக்கப்படாதுன்னு உபதேசியார் சொல்லியிருக்காகல்லா?”

என்னிடம் பேசினாள்! சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

ஜூலை 14, சனி.

அருமைநாயகம் மாட்டுவண்டியோடு வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“யக்கா, பெட்டி எங்க?”

“பெட்டி கெடக்கட்டும்லே. கை கழுவிட்டு ஒக்காரு. ரெண்டு பேருக்கும் இல போட்டாச்சு.”

“அத்தான்கூடயா?”

“பின்ன, மாட்டுகூடயா? வாயப் பொத்திட்டுத் தின்னு.”

தின்றான். மோருக்கு வந்தான். பிறகு இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “முப்பத்தாறு இல்ல அத்தான், முப்பத்தெட்டு. ரெண்டு பேரு கூரையில கெடந்தானுவ.”

வண்டி வெறுமனே திரும்பியது.

ஜூலை 15, ஞாயிறு.

இன்று ஜெபம் சுருக்கமாக முடிந்தது. ஞானதீபம் ஒரே ஒரு ஸ்தோத்திரம் சொன்னாள். அதுவும் எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு.

சிவசைலம் வேலிக்கு வந்தான். “என்ன அண்ணாச்சி, இன்னைக்கு ஒண்ணுமே கேக்கல? மச்சினி வீட்டுக்காரங்களும் வந்து காத்துக் கெடந்தாங்க.”

அவள் சொன்னதை இங்கே எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். வேண்டாம் என்றாள்.

எழுதவில்லை.