நானூற்றுப் பன்னிரண்டு லைக்கும் உன் சித்தியின் காலும்

அன்புள்ள ஹேமநாத்துக்கு,

கிழக்குத் தாம்பரத்திலிருந்து சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் சித்தியும் நலம், சித்தியின் நலத்துக்கு மட்டும் கொஞ்சம் விளக்கம் தேவைப்படுகிறது, கீழே எழுதியிருக்கிறேன், பதறாமல் கடைசி வரை படி. நெதர்லாந்தில் குளிர் ஆரம்பித்துவிட்டதா, காதுக்கு மப்ளர் கட்டுகிறாயா. போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் வாயால் சொன்னால் நான் எங்கேயோ போய்விடுகிறேன், பேனா பிடித்தால்தான் அடங்குவேன் என்கிறாள் சித்தி. ஒன்பதாவதோடு நின்றவன்தான், ஆனாலும் என் கையெழுத்தைப் பார்த்து டிப்போ மேனேஜர் ஒருமுறை எழுந்தே நின்றார், அது உனக்குத் தெரியும்.

போன ஆடியில் சித்திக்குச் சர்க்கரை ஏறியதும் டாக்டர் கஸ்தூரிரங்கன் புதிதாக ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரைக் கம்பெனி பேஸ்புக்கில் சர்க்கரைச் சொந்தங்கள் என்று ஒரு பக்கம் நடத்துகிறது. மாத்திரையின் பெயரை அதில் போட மாட்டார்கள், கம்பெனி முத்திரை மட்டும் கீழே மூலையில் எறும்பு அளவுக்கு இருக்கும். காலையில் வாழ்த்து, மத்தியானம் பாகற்காய், சாயங்காலம் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்பார்கள். அனுபவம் என்று கேட்டால் என்னால் சும்மா இருக்க முடியுமா. முதலில் உள்ளது உள்ளபடிதான் எழுதினேன், என் மனைவிக்கு இருநூற்று எண்பது இருந்த சர்க்கரை நூற்று அறுபதுக்கு வந்தது என்று. ஏழு லைக். ஏழு லைக்கை வைத்துக்கொண்டு நான் தாம்பரத்தில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது. அடுத்த வாரம், தினமும் ஏரியைப் பத்துச் சுற்று சுற்றுகிறாள் என்று எழுதினேன், அறுபது வந்தது. அதற்கப்புறம் மேடவாக்கம் வரை நடந்தே போய் வழியில் தண்ணீர் லாரிகளை முந்தினாள் என்று எழுதினேன். மேடவாக்கம் டிராபிக்கில் லாரியை முந்துவது ஒரு பெரிய விஷயமே இல்லை, அதனால் அது பொய்யில் சேராது. ஐப்பசியில் அவளை ஏரிக்கரையில் நிற்க வைத்து, கட்டைவிரலைத் தூக்கு என்று சொல்லி ஒரு போட்டோ எடுத்துப் போட்டேன். நானூற்றுப் பன்னிரண்டு லைக். கம்பெனியே அந்தப் போட்டோவைச் சுற்றிப் பூவெல்லாம் வைத்து, நம் சொந்தங்களின் நட்சத்திரம் லோகநாயகி அம்மா என்று போட்டது. தெருவுக்கு மீன் கொண்டுவரும் பூவம்மாள், இன்னாக்கா நட்சத்திரம், எனக்கும் அந்த மாத்திரைல ஒண்ணு குடேன், வஞ்சிரம் தலை சும்மா தரேன் என்றாள். சித்தி சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். மெதுவாகத்தான் போனாள், அதை நான் கவனிக்கவில்லை.

அந்தச் சூட்டில் இன்னொன்று எழுதினேன். இந்த மாத்திரை போட்டால் பசியே தெரிவதில்லை, மூன்று நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஏழு ஆள் வேலை செய்தாள் என்று. ஒரு மணி நேரத்தில் கம்பெனியிலிருந்து, ஐயா உங்கள் போன் நம்பரை இன்பாக்ஸில் அனுப்புங்கள் என்று வந்துவிட்டது. பரிசுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மிக்ஸியா குக்கரா என்று எங்களுக்குள் பேசிக்கூட முடித்துவிட்டோம். போனில் பேசத்தான் என்றாலும் ஜரிகை வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பேசியது நிஷா என்று ஒரு பெண். சிறுசேரியில் ஒரு ஆபீஸில் உட்கார்ந்து, மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ஏதாவது தொந்தரவு வந்ததா என்று கம்பெனிக்காகக் கேட்டு எழுதுவதுதான் அவள் வேலையாம். அவர்கள் பக்கத்தில் யார் எதை எழுதினாலும் விட மாட்டார்களாம். மூணு நாள் சாப்பிடலைன்னு எழுதியிருக்கீங்க சார், எந்தத் தேதியில ஆரம்பிச்சுது என்று கேட்டாள். அது ஒரு பேச்சுக்கு எழுதினதும்மா என்றேன். சரி சார், அப்போ சாப்பிட்டாங்களா என்றாள். ஆறு இட்லி என்றேன். ஆறு, என்று குறித்துக்கொண்டாள். மேடவாக்கம் நடந்து போனாங்களா என்றாள். ஆட்டோ என்றேன். ஆட்டோ, என்று குறித்துக்கொண்டாள். முப்பத்திரண்டு வருஷம் டிப்போவில் எத்தனை ஆபீசர்களை வாயாலேயே கவிழ்த்தவன் நான், இந்தப் பெண்ணிடம் ஒன்றும் செல்லவில்லை, அவள் கோபப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கடைசியில், மாத்திரை ஆரம்பிச்சப்புறம் வேற ஏதாவது புதுசா இருக்கா சார் என்றாள். ஒன்றுமே இல்லை, ராணி மாதிரி இருக்கிறாள் என்றேன். அதை மேடமே சொல்லட்டும் சார் என்றாள்.

சித்தி போனை வாங்கி, கால் வீங்குதும்மா, மூணு வாரத்துக்கு மேல ஆச்சு, மாடி ஏறினா மூச்சு வாங்குது, ரெண்டு தலகாணி வெச்சாத்தான் படுக்கவே முடியுது என்றாள். என் தலையணையை அவள் எடுத்துக்கொண்டது எனக்குத் தெரியும். நட்சத்திரமான திமிர் என்று நினைத்திருந்தேன். டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள் போல. அதற்குச் சித்தி சொன்ன பதிலுக்காகத்தான் இந்தக் கடிதமே. இவரு நானூறு பேர்கிட்ட நான் ஓடறேன்னு சொல்லிட்டாரு, நடக்கவே முடியலன்னு நான் போய்ச் சொன்னா இவரு மூஞ்சிய எங்கே கொண்டுபோய் வெச்சுப்பாரு என்றாள். நான் பக்கத்திலேயே ஜரிகை வேட்டியோடு உட்கார்ந்திருந்தேன்.

நான் டாக்டர் இல்லை, நிறுத்துங்க சாப்பிடுங்கன்னு எதுவும் சொல்லக்கூடாது, ஆனா எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்ட இன்னிக்கே போங்க, நாளைக்குன்னு வைக்காதீங்க என்றாள் நிஷா. அதே வேட்டியோடு ஆட்டோ பிடித்தேன். கஸ்தூரிரங்கன் சித்தியின் காலைக் கட்டைவிரலால் அழுத்தினார், குழி விழுந்து அப்படியே நின்றது. எக்கோ எடுத்துப் பார்த்தார்கள், உடம்பில் நீர் சேர்ந்து இதயத்துக்குச் சுமையாகியிருந்தது. அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு வேறு கொடுத்தார், நீர் பிரிய ஒன்று கொடுத்தார். இன்னும் பத்து நாள் இவங்க நட்சத்திரமாவே இருந்திருந்தா நேரா அங்கேயே போயிருப்பாங்க சார் என்று மேலே காட்டினார். பதினைந்து நாள் ஆகிறது, வீக்கம் வடிந்துவிட்டது, கேட் வரை நடக்கிறாள். பத்துச் சுற்று இல்லை, கேட் வரை.

நடந்ததை அப்படியே அந்தப் பக்கத்தில் எழுதினேன். உங்கள் இனிய பயணத்தைப் பகிர்ந்ததற்கு நன்றி என்று ஒரு ரோஜாப்பூவோடு பதில் வந்தது. மூன்று லைக், அதில் ஒன்று நான் போட்டது, ஒன்று பூவம்மாள். போட்டோவை எடுத்துவிடுங்கள் என்று நான்கு தடவை கேட்டுவிட்டேன், பரிசீலனையில் இருக்கிறதாம். நீ அதைப் பெரிதாக்கிப் பார். சித்தியின் செருப்பில் வார் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருக்கும். நானூற்றுப் பன்னிரண்டு பேர் கண்ணிலும் அது படவில்லை, எடுத்தவன் கண்ணிலும் படவில்லை.

உன்னை ஏழு வயதிலிருந்து தூக்கி வளர்த்தவள், உன்னிடமும் நன்றாயிருக்கிறேன் என்றுதான் சொல்வாள். நானும் எல்லாம் பிரமாதம் என்றுதான் சொல்வேன், கேட்டுக்கொள். அப்புறம் வீடியோவில் அவளைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்தது போதும், காலைக் காட்டு என்று சொல். ஞாயிற்றுக்கிழமைதோறும் சொல். நீ நல்ல வேலையும் நல்ல தூக்கமுமாக நூறு வயது இருக்க வேண்டும், மப்ளரை மறக்காதே.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
தா. ஏகநாதன்

பி.கு. சித்தி இதை முழுக்கப் படித்துவிட்டு, எல்லாம் சரி, இட்லி மட்டும் நாலு என்றாள். நிஷாவுக்குப் போன் செய்து சொன்னேன். நாலு, என்று குறித்துக்கொண்டாள்.