நல்லாப் புரிஞ்சுது தம்பி

என் வீட்டுக்காரருக்கு வணக்கம். நான் சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

பேரன் இன்ஜினியர் ஆகிவிட்டான், சின்னவன் ஓட்டப்பந்தயத்தில் கோப்பை வாங்கிவிட்டான், பேத்தி பெரியவர்கள் படிக்கும் மாலை வகுப்புக்கு டீச்சர். அஞ்சாம் வகுப்போடு நின்றவளின் வாரிசுகளைப் பாருங்கள் என்று நான் வேலைக்கு வந்திருக்கும் இந்தச் சலவைக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிகிறேன்.

இங்கே துணி தேய்க்கப் புது மெஷின் வந்திருக்கிறது. சொல்லிக்கொடுக்க வந்த பையன் மளமளவென்று பொத்தான்களை அமுக்கிக் காட்டினான், எங்களைத் தொடவிடவில்லை. எப்படி நிறுத்துவது என்று பக்கத்திலிருந்த அக்கா கேட்டாள்.

"வயசானா மண்டையில ஏறாது போல" என்றான். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான்.

"பாட்டி, உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"நல்லாப் புரிஞ்சுது தம்பி."

மறுநாள் என் வலது கை மெஷினில் மாட்டிக்கொண்டது. நிறுத்தத் தெரியவில்லை. பயப்படாதீர்கள், மூன்று விரல்தான் வெந்தது. இடது கையால் எழுதுவதால் எழுத்துக் கோணல். அந்தப் பையன் அடுத்த மெஷின் வகுப்பில் என் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டச் சொன்னான்.

"எல்லாரும் பாத்துக்கங்க, கவனிக்கலேன்னா இதான் கதி."

காட்டினேன்.

நம் பேத்தியும் தன்னிடம் படிக்கிறவர்களைப் பற்றிப் போனில் இதையேதான் சொன்னாள், மண்டையில ஏறாதுன்னு. அப்போதும் சிரித்தேன். பெரியவர்கள் கேலிக்குப் பயந்து புரிந்தது என்பார்கள், நம்பாதே, அவர்களையே செய்யவிட்டுப் பார் என்று அவளிடம் சொல்லுங்கள்.

கட்டுப்போட உங்கள் பழைய சட்டை ஒன்றை அனுப்புங்கள், துவைக்காவிட்டாலும் பரவாயில்லை. வேலைக்கு மணி அடித்துவிட்டது. பேத்தி பாடம் நடத்துகிற புதுப் போட்டோ ஒன்றையும் தபாலில் போடுங்கள். அவள் முகம் தெரியாவிட்டால் போகட்டும், எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் முகம் தெரிய வேண்டும்.